ஸ்பிட்ஃபயர் சீட் பிரேம்: வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரிசல் விடுகிறது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. 2023 மே 21

அண்ணே, என்னிடம் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய இங்கிலாந்துத் திறந்த கார் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் சீட்டின் சாய்மானம் கதவுப் பக்கமாகச் சரிகிறது. அடிக்குழாய் வளைந்து மேலே ஏறும் இடத்தில் விரிசல். இதுவரை மூன்று முறை வெல்டிங் வைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் வெல்டிங் அப்படியே நிற்கிறது, அதற்கு அரை விரல் தள்ளி புதிதாக விடுகிறது. பிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி 800 சீட்டைப் போட்டுவிடு என்று பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா?

2023 மே 22, காலை

போடாதீர்கள் தம்பி. அந்தக் காரில் தரைக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம். மாருதி சீட் உயரமானது. போட்டால் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும், கண் முன்பக்கக் கண்ணாடியின் சட்டத்துக்கு நேராக வரும். அகலமும் ஒத்துவராது. நடுவில் டனல் (கியர்பாக்ஸை மூடியிருக்கும் மேடு), அந்தப் பக்கம் கதவுப் படி. இரண்டுக்கும் இடையில் நுழைக்க அடிச்சட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய பிறகு அது எந்தக் காரின் சீட்டும் இல்லை.

நான்காவது முறை வெல்டிங்கும் வைக்காதீர்கள். முதலில் துணி, ரெக்சின், ஃபோம் எல்லாவற்றையும் கழற்றிப் பிரேமை வெறுமையாக்குங்கள். கழற்றும்போது ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொக்கி எந்த ஓட்டையில் இருந்தது என்பது பத்து நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் சின்ன சுத்தியலால் குழாய் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே அரித்த இடம் மொத்தென்று ஒலிக்கும்.

2023 மே 22, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியது. காது மட்டும் போதாது. விரிசலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, குழாயின் பக்கவாட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ வேண்டாம். சாய்மானத்தைத் தள்ளும்போது குழாயின் முன் தோல், அதாவது முன்பக்கச் சுவர், இழுபடும், பின் தோல் நசுங்கும். பக்கவாட்டில்தான் பாரம் குறைவு. வளைந்த கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுத் தோலின் கனத்தை அளக்கலாம். துளையை மூட வேண்டாம், பிறகு எண்ணெய் விட அதுவே வழி.

சாய்மானத்தின் உச்சியில், பாரம் விழாத மேல்குழாயிலும் இதேபோல் ஒன்று போட்டுப் பாருங்கள். கார் ஆலையை விட்டு வந்தபோது குழாய் எப்படி இருந்தது என்பதற்கு அந்த இடம்தான் சாட்சி.

2023 மே 29

தம்பி அளந்து அனுப்பிவிட்டார். மேல்குழாயில் 1.5 மி.மீ. விரிசல் பக்கத்தில் 0.6. பிரேமைத் தலைகீழாக நிறுத்தித் தட்டியபோது ஒரு டீ கிளாஸ் நிறையத் துருப்பொடி கொட்டியதாம். வெளியே பெயிண்ட் அப்படியே மினுமினுப்பாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறார்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தக் குழாய்கள் வெளியிலிருந்து அரிப்பதில்லை. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. குழாயின் திறந்த முனை வழியாகவும் போல்ட் ஓட்டை வழியாகவும் அது உள்ளே போய்ப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிகிறதே, அதேதான். மண்டபத்தில் இரவில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டாத நாள் எத்தனை? மழையே பெய்யாவிட்டாலும் குழாயின் உட்புறம் ஒவ்வொரு இரவும் நனைகிறது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. அங்கே இரும்புத் தகடுகளை வெட்டவெளியில் நிறுத்தி, எத்தனை மாதத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். நம் கார்களை நாமே அந்தச் சோதனைக்கு விட்டிருக்கிறோம்.

இப்போது உங்கள் மூன்று வெல்டிங்குக்கு வருகிறேன். 1.5 மி.மீ. இருக்க வேண்டிய தோல் 0.6 ஆகிவிட்டது. அதன் மேல் 3 மி.மீ. தடிப்பில் ஒரு கட்டி. கட்டி அசையாது. அதை ஒட்டிய மெல்லிய தோல்தான் எல்லா அசைவையும் வாங்குகிறது. அது போதாதென்று வெல்டிங் சூட்டில் வெந்த இடமும் அதுதான். விடாமல் என்ன செய்யும்?

வெல்டரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கையில் கொடுத்தது ஏற்கெனவே இற்றுப்போன குழாய்.

2023 மே 30

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதே தப்பை இன்னொருவர் செய்ய வேண்டாம். என் ஸ்பிட்ஃபயர் கோயம்புத்தூரில் பழைய கார் சேர்க்கும் ஒருவரிடமிருந்து வந்தது. கீழக்கரைக்கு வந்து மூன்றாம் வருடம், 2016-இல், இதே வளைவில் விட்டது. எனக்குப் படகுப் பட்டறைப் பழக்கம். படகில் எது விட்டாலும் கனமான தகடாக வைத்து அடைப்போம். அதே கையோடு 5 மி.மீ. தகட்டில் முக்கோணம் வெட்டி, வளைவின் இரண்டு பக்கமும் வைத்துச் சுற்றிலும் வெல்டிங் வைத்தேன். பாறை மாதிரி நின்றது. பெருமையாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கிளச்சை மிதிக்கிறேன், சீட் மொத்தமாகப் பின்னால் போகிறது. பிரேமுக்கு ஒன்றுமில்லை. சீட் நகரும் சானலைப் பிடித்திருந்த போல்ட், தரைத்தகட்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருந்தது. பாரம் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. வளைவில் கொஞ்சம் நெளிந்து கொடுத்துக்கொண்டிருந்த பிரேமை நான் விறைப்பாக்கிவிட்டேன், அந்த வேலை தரைக்குப் போய்விட்டது. 20 கேஜ் தரைத்தகடு, ஒரு மி.மீ. கூடக் கிடையாது. அது எவ்வளவு தாங்கும்?

அதனால் பிரேமைத் தொடுவதற்கு முன்னால் காருக்குக் கீழே படுத்து, நான்கு போல்ட்டையும் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். கீறல் இருந்தால் முதல் வேலை அங்கேதான்.

2023 ஜூன் 4

இற்ற இடத்தை வெட்டிவிட்டு, இணைப்பில் குழாய்க்குள் குழாய் வைப்பது எப்படி என்று தம்பி விரிவாகக் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

இற்றுப்போன பகுதியை முழுதாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. வெட்டுவதற்கு முன் பிரேமை ஒரு கனமான பலகையில் வைத்து, சுற்றிலும் மரக்கட்டை அடித்துப் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய நிமிடமே இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொள்ளும். பலகையில் பென்சிலால் பிரேமின் உருவத்தை வரைந்தும் வையுங்கள். நான் வரையாமல் விட்டேன். பிற்பாடு சீட் நகரும் சானல் ஏறாமல் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

என் பிரேமில் குழாய் வெளியே முக்கால் அங்குலம், 16 கேஜ். அதாவது 19.05 மி.மீ. வெளிவிட்டம், தோல் 1.6. உள்ளே 15.8 மி.மீ. இடம். உள்ளே நுழைக்க அரையே அரைக்கால் (5/8) அங்குலக் குழாய் எடுத்தால் அது 15.9 மி.மீ. ஒரு மயிரிழை அதிகம். அதனால்தான் நல்லது. அரத்தால் லேசாக ராவி இறுக்கமாக இறக்கலாம். லொடலொடவென்று ஆடும் உள்குழாய் வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். தையல் போட்ட குழாயாக இருந்தால் உள்ளே நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். உள்குழாயில் அதற்கு நேராக ஒரு வாய்க்கால் ராவிக்கொள்ளுங்கள்.

இணைப்பின் இரண்டு பக்கமும் உள்குழாய் குறைந்தது 50 மி.மீ. போக வேண்டும். அதன் முனைகளை நேராக வெட்டாமல் சரிவாக, புல்லாங்குழல் வாய் மாதிரி வெட்டுங்கள். நேராக வெட்டினால் உள்குழாய் முடிகிற அந்த ஒரே கோட்டில் விறைப்பு சட்டென்று முடியும், அடுத்த விரிசல் அங்கேதான் வரும். சரிவாக வெட்டினால் விறைப்பு படிப்படியாகத் தேய்ந்து போகும். வெளிக்குழாயில் 6 மி.மீ. ஓட்டைகள் போட்டு, அதன் வழியாக உள்குழாயைப் பிடித்து நிரப்ப வேண்டும். ஓட்டைகள் ஒரே வட்டத்தில் வரக் கூடாது, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கட்டும். இரண்டு வெளிக்குழாய்களும் சந்திக்கும் இடத்தில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் வெல்டிங் உள்ளே வரை இறங்கும்.

உள்குழாய் நேரான பகுதியில்தான் நுழையும். வளைவுக்குள் போகாது. வளைவே அரித்திருந்தால், அதே வளைவில் புதுக்குழாயை வளைத்து, இணைப்பை வளைவுக்கு மேலும் கீழும் நேரான இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். குழாயை வளைக்கும்போது உள்ளே காய்ந்த மணலை இறுக அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தட்டையாகிவிடும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு. ஈர மணலும் வேண்டாம். சூடு காட்டினால் ஆவி கட்டி முனை அடைப்பு தெறிக்கும். ஆற்று மணலை வாணலியில் வறுத்து ஆறவிட்டு அடையுங்கள்.

இன்னொன்று. தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஜிஐ பைப்பை வாங்கிவிடாதீர்கள். துத்தநாகப் பூச்சு. வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். எனக்கு வந்திருக்கிறது. அதன் தோலும் நமக்கு வேண்டியதைவிடத் தடிமன்.

2023 ஜூன் 5

ஆர்க் வெல்டிங் போதுமா, மிக் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் வெல்டிங்) தேடிப் போகவா என்று ஒரு கேள்வி. மிக் கிடைத்தால் 0.8 மி.மீ. கம்பியில் வையுங்கள், வேலை சுத்தமாக வரும். கிடைக்காவிட்டால் ஆர்க்கிலும் முடியும், ஆனால் படகுக்குப் பிடிக்கிற 3.15 ராடு கூடாது. 2 மி.மீ. ராடு, ஆம்பியரைக் குறைத்து வைத்துக்கொண்டு, விட்டு விட்டுச் சின்னச் சின்னதாக. ஒரே மூச்சில் சுற்றி வந்தால் 16 கேஜ் உருகி ஓட்டை விழும்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகெல்லாம் கரையில் ஏறியிருக்கிறது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் எங்கேயும் நல்ல வெல்டர் இப்போது கையில் அகப்பட மாட்டார். பதினைந்தாம் தேதி படகு இறங்கிய பிறகு போனால் டீ வாங்கிக் கொடுத்து நிதானமாக வேலை வாங்கலாம்.

2023 ஜூன் 5, சற்று நேரம் கழித்து

முக்கியமான ஒன்று விட்டுப்போய்விட்டது. விரிசல் பக்கத்தில் மஞ்சளாக எங்கேயாவது தெரிகிறதா பாருங்கள். முன்பு யாராவது பித்தளை வைத்து ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. சுமார் 900 டிகிரியில் பித்தளை உருகிவிடும். வெல்டிங் சூட்டில் அது இரும்பின் மணிகளுக்கு நடுவில் புகுந்து பிளந்துவிடும். ஆறும்போதே கீறல் விழும். பித்தளை உள்ள இடத்துக்குத் திரும்பவும் பித்தளைதான், அல்லது அந்தத் துண்டையே வெட்டி எறிய வேண்டும்.

2023 ஜூலை 9

தம்பி வேலையை முடித்துவிட்டார். இனி வலுவாகத்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிறார். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தால் தெரியாது. அளக்க வேண்டும்.

மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று எடுங்கள். சீட்டைக் காரிலேயே மாட்டி, சாய்மானத்தின் உச்சியில் கயிறு கட்டி, தராசை நடுவில் கோத்துப் பின்பக்கமாக 25 கிலோ வரை இழுங்கள். உச்சி எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். திரும்பாவிட்டால் ஏதோ நெளிந்திருக்கிறது அல்லது போல்ட் நகர்கிறது.

என் காரில் பழுது பார்ப்பதற்கு முன் ஓட்டுநர் சீட் 38 மி.மீ., இடப்பக்கச் சீட் 12. பழுது பார்த்த பின் ஓட்டுநர் சீட் 11. இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால் சரி. ஓட்டுநர் சீட் 3 மி.மீ. மட்டும்தான் அசைகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். தரைத்தகட்டைப் போய்ப் பாருங்கள்.

வளைவில் ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிளச்சை மிதிக்கும்போது முதுகு பின்னால் தள்ளுகிறது. உச்சியில் 20 கிலோ, வளைவு 50 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். கீழே அதைத் தாங்குவது 2 செ.மீ. தடிமனுள்ள குழாயின் முன் தோலும் பின் தோலும். கடப்பாரைக் கணக்கில் 25 மடங்கு. 500 கிலோ, இரண்டு குழாய்க்கும் பிரித்தால் ஆளுக்கு 250. ராமநாதபுரம் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறோம்? அத்தனை முறையும்.

கதவுப் பக்கம் மட்டும் ஏன் முதலில் விடுகிறது என்பதும் எளிது. தாழ்வான கார். இறங்கும்போது எல்லோரும் சாய்மானத்தின் மேல்மூலையைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறோம். கதவுச் சட்டத்தைப் பிடித்து எழப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, பேரன் மட்டும்தான் கேட்கிறான்.

2023 ஜூலை 10

போல்ட்டைப் பற்றி. அந்தக் காரில் இருப்பது யூஎன்எஃப் மரை, அங்குலக் கணக்கில் நெருக்கமாக வெட்டியது. என் வண்டியில் சீட் போல்ட் ஐந்து பதினாறு அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. கடையில் எட்டு மி.மீ. போல்ட் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான், இறுக்கினால் போகும் என்பார்கள். போகும், இரண்டு சுற்று. அப்புறம் மரை அழிந்துவிடும். எட்டு மி.மீ. போல்ட்டில் அங்குலத்துக்கு இருபதுக்குக் கொஞ்சம் மேல்தான் மரை. பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பிரித்துப் போட்ட இடம் எங்கேயாவது இருந்தால் அங்கே கேளுங்கள். 1961 முதல் சென்னையில் கூட்டிய கார் அது, மரை இதேதான். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-இல் வந்த கார். இரண்டுக்கும் மேனியை வரைந்தவர் ஒருவர்தான், இத்தாலிக்காரர் மிச்செலோட்டி. அந்த உறவு நமக்கு இன்றும் சோறு போடுகிறது.

தரைக்குக் கீழே ஒவ்வொரு போல்ட்டுக்கும் 3 மி.மீ. தகடு, உள்ளங்கை அகலத்துக்கு, மூலைகளை உருட்டிவிட்டு வையுங்கள். வட்ட வாஷர் போதாது.

2023 ஆகஸ்ட் 13

கீழக்கரையிலிருந்தே ஒரு காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) கேட்கிறார்: படகில் துத்தநாகக் கட்டி மாட்டினால் புரொப்பல்லர் அரிக்காமல் தப்புகிறதே, காரிலும் ஒரு கட்டி மாட்டினால் என்ன?

நல்ல கேள்வி காக்கா, நானும் ஒரு காலத்தில் நினைத்ததுதான். படகில் கட்டியும் புரொப்பல்லரும் ஒரே கடல் நீரில் மூழ்கி இருக்கின்றன. அந்த நீர் வழியாகத்தான் மின்சாரம் போய்வருகிறது, துத்தநாகம் தன்னைக் கரைத்து மற்றதைக் காப்பாற்றுகிறது. காரில் கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் காற்று. வழியே இல்லை. ஆனால் துத்தநாகத்தைக் குழாயின் மேலேயே பூசிவிட்டால் அந்த வேலையைக் கொஞ்சம் செய்யும். சிங்க் பிரைமர் அதற்குத்தான். வெறும் இரும்பில் படிய வேண்டும். துருவின் மேல் அடித்தால் வீண்.

துருவை எடுக்கச் சலவைச் சோடாத் தண்ணீரில் பிரேமை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரால் மின்சாரம் விடுகிறீர்களே, அது நல்ல வழி. பிரேமில் மைனஸ், பழைய இரும்புத் துண்டில் பிளஸ். சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டு வைக்காதீர்கள், தண்ணீரே நஞ்சாகும். வெட்டவெளியில் வையுங்கள், கிளம்புவது ஹைட்ரஜன். ஆனால் குழாயின் உட்புறத்தை இது தொடாது. மின்சாரம் நேருக்கு நேர் தெரிகிற இடத்தைத்தான் பார்க்கும். உள்ளே சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி இரவு முழுக்க வைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஸ்பிரிங்குகளை மட்டும் எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நாள் டப்பென்று ஒடியும்.

2023 நவம்பர் 19

முந்தி போனில் பேசியபோது நான் சொன்ன ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குழாயின் எல்லா முனைகளையும் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் காற்றே போகாது, துருவே பிடிக்காது என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். என் இடப்பக்கச் சீட்டை 2019-இல் அப்படித்தான் அடைத்தேன். வாடைக்காற்று தொடங்கியதும் ஒரு சந்தேகம் வந்து இன்று துளை போட்டுப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாகச் செந்தண்ணீர் வந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு முனை வெல்டிங்கில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழ் ஓட்டை. பகலில் கார் வெயிலில் காய்கிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. இரவில் குளிர்ந்ததும் குழாய் மூச்சை உள்ளே இழுக்கிறது. இழுப்பது உப்புக் காற்றை. போனது வர வழி இருக்கிறது, வந்த ஈரம் வடிய வழி இல்லை. நான்கு வருடம் தினமும் ஒரு மூச்சு.

முழுக்க அடைப்பு என்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்துச் சோதித்து, குமிழே வராத அளவுக்கு அடைக்க வேண்டும். நம் பட்டறைகளில் அது நிச்சயமில்லை. இப்போது என் வழி வேறு: மிகத் தாழ்வான இடத்தில் 4 மி.மீ. வடிதுளை, உள்ளே எண்ணெய்.

என்ன எண்ணெய் என்பதில் கொஞ்சம் அலைந்தேன். வல்லத்துக்கு மீன் எண்ணெய் பூசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு துண்டுக் குழாயில் விட்டுப் பார்த்தேன். பிடிப்பு அருமை, துரு அண்டவில்லை. ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் அந்த வாசனையோடு உட்கார முடியாது. வீட்டில் பூனைகள் சேர்ந்ததுதான் மிச்சம். பழைய விமானங்களின் இரும்புக் குழாய்ச் சட்டங்களுக்குள் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைச் சுடவைத்து ஊற்றி வடித்துவிடுவார்கள். உள்ளே தோல் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் செய்தேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்துச் சூடாக்கி, ஊசியால் மேல்துளை வழியே ஏற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, ஒரு ராத்திரி வடியவிட்டேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய் அது. தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய். எண்ணெய் விட்ட குழாயில் நெருப்பைக் காட்டக் கூடாது.

2023 நவம்பர் 20

தம்பி, உங்கள் பிரேமும் நான் சொன்னபடி அடைத்ததுதான். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே துளை போட்டுவிடுங்கள்.

2024 பிப்ரவரி 4

துளை போட்டாராம், உலர்ந்த காற்றுதான் வந்தது என்கிறார். ஆறு மாதம்தானே. நிம்மதி.

இனி மேல்வேலை. உட்காரும் இடத்தில் குறுக்கே ஓடும் ரப்பர் நாடாக்கள் எல்லாம் வெயிலில் வெடித்துப் போயிருக்கின்றன. குஷன் கடை அண்ணன் நைலான் பெல்ட் போட்டுவிடலாம், சாகும்வரை வரும் என்கிறார். வேண்டாம். ரப்பர் நாடா நீண்டு கொடுக்கும். பள்ளத்தில் விழும்போது உங்கள் எடையின் அடியை அது விழுங்கிக்கொள்கிறது. நைலான் நீளாது. அந்த அடி அத்தனையும் கொக்கி மாட்டிய ஓட்டைக்குப் போகும். உட்காரும் சுகத்துக்காக மட்டும் அந்த நாடாவைப் போடவில்லை. அது பிரேமின் பாதுகாப்பும்கூட. ரப்பர் நாடாவே வாங்கி, அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டி, இழுத்து மாட்டுங்கள்.

கொக்கி ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் நிரப்பி மறுபடி துளையுங்கள். விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி விடுங்கள், கூரான விளிம்பு நாடாவை அறுக்கும்.

ஃபோமுக்குக் கீழே சணல் சாக்கு வைக்கிற பழக்கத்தை நம் ஊரில் மட்டும் கைவிடலாம் என்பது என் எண்ணம். சாக்கு ஈரத்தைக் குடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டு காயாமல் கிடக்கிறது. என் பிரேமில் வெளித்துரு இருந்த ஒரே இடம் சாக்கு தொட்ட இடம்தான். ரப்பர் ஏற்றிய தேங்காய் நார் வைத்தேன், காற்று ஓடுகிறது.

2025 ஏப்ரல் 8

நேற்று முன்தினம் பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். தம்பியும் நானும் இரண்டு ஸ்பிட்ஃபயரிலும் சாலைப் பாலம் வரை போய் நிறுத்தி, புதியதையும் பழையதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். 1914-இல் திறந்த பழைய பாலம் முழுக்க ரிவெட். தகட்டின் மேல் தகடு, நடுவில் மயிரிழை இடுக்கு. அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, காற்றும் போகாது, அங்கேதான் வேகமாக அரிக்கும். நூறு வருடத்துக்கு மேல் அதைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே நிறுத்தி வைத்திருந்தார்கள். புதியதில் இணைப்புகளை முழுக்க வெல்டிங்கிலேயே முடித்திருக்கிறார்கள், இடுக்கு வைக்கவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 2023 ஜூலையில் தரைக்குக் கீழே 3 மி.மீ. தகடு வையுங்கள் என்று எழுதினேன், எப்படி வைப்பது என்று எழுதவில்லை. நான்கு மூலையில் மட்டும் புள்ளி வைத்துப் பிடித்தால் அதுவும் ஒரு பழைய பாம்பன் பாலம்தான். வெல்டிங் வைத்தால் சுற்றிலும் முழுக்க வையுங்கள். இல்லையென்றால் வெல்டிங்கே வேண்டாம், இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, நடுவில் சீலன்ட் தடவி, போல்ட்டால் மட்டும் இறுக்குங்கள். நான் இரண்டாவது வழியில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க முடிகிறது.

வரும் வழியில் தம்பியின் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினேன். மண்டபம் முகாம் தாண்டி அந்த மேடுபள்ளத்தில் சாய்மானம் முதுகோடு லேசாக வந்து லேசாகத் திரும்பியது. புதுச் சீட்டில் இந்த அசைவு இருக்காது.

2025 ஜூன் 22

கச்சான் காற்று ஓங்கி அடிக்கிறது, தென்கடல் பக்கம் வீட்டுக் கதவெல்லாம் உப்பு. இரண்டு பேருடைய பிரேமையும் ஒன்றாகச் சோதித்தோம்.

தராசில் 25 கிலோ: தம்பியின் ஓட்டுநர் சீட் 12 மி.மீ., முன்பு 11. என்னுடையது 11, மாறவில்லை. தம்பியின் ஒரு மி.மீ. எங்கே போனது என்று தேடினோம். பின் போல்ட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கியதும் 11. தளராமல் பிடிக்கிற நைலாக் நட் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வடிதுளையில் கம்பி விட்டுத் தோலை அளந்தோம், 1.5. துளையில் வெள்ளைத் துணித் திரியை விட்டு எடுத்தோம். தம்பியுடையது சுத்தம். என் இடப்பக்கச் சீட்டில் திரி நுனி பழுப்பாக வந்தது. நான்கு வருடம் ஊறியதன் மிச்சம் உள்ளே இன்னும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தக் கீழ்க்குழாயை வெட்டுகிறேன். முக்கால் அங்குலக் குழாய் இரண்டடி எடுத்து வைத்தாயிற்று, மணல் வறுக்க வேண்டும்.

பலகையில் உருவம் வரைந்துவிட்டேன்.